தகரக் கூரையும் காற்றின் மேல்நோக்கு விசையும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்டீல் ஷெட் வரைபடத்தை முதன்முறையாகக் கையில் வாங்கும் டிப்ளமோ மாணவரும், மொட்டை மாடிக்குத் தகரக் கூரை போட வெல்டரிடம் விலை கேட்கும் வீட்டுக்காரரும் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ‘விண்ட் அப்லிஃப்ட்’. காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும் விசை என்று பொருள். கூரைக்கு மேலே ஓடும் காற்று மேற்பரப்பை உறிஞ்சி இழுக்கிறது. கதவு, ஜன்னல் வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இந்த இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து கூரையின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே நிகர அப்லிஃப்ட்.

கான்கிரீட் தளத்தில் பழகிய மனம் இதை எளிதில் ஏற்பதில்லை. 5 அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. காற்று அதை அசைப்பது கடினம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகரமோ சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான். அதைத் தாங்கும் சட்டங்களையும் ட்ரஸ்ஸையும் (கூரையைச் சுமக்கும் முக்கோணச் சட்டகம்) சேர்த்தாலும் 25 கிலோவைச் சுற்றித்தான் வரும். அதனால் தகரக் கூரையில் ‘இது விழாமல் நிற்குமா’ என்பதைவிட ‘இது பறக்காமல் இருக்குமா’ என்ற கேள்வி பெரியது. நம் ஊர்ப் பட்டறைகளில் முதல் கேள்விக்குக் கைப்பழக்கத்திலேயே சரியான விடை இருக்கிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

காற்று ஏன் தூக்குகிறது

சுவரில் வந்து மோதும் காற்று வேறு வழியில்லாமல் மேலேறி, கூரை விளிம்பில் திரும்புகிறது. அந்த வேகத்தில் அதனால் கூரையை ஒட்டி வளைய முடியாது. விளிம்பிலிருந்து பிரிந்து சற்று உயரத்தில் ஓடுகிறது. பிரிந்த காற்றுக்கும் கூரைக்கும் இடையே அழுத்தம் குறைந்து சுழல்கள் உண்டாகின்றன. உள்ளே சாதாரண அழுத்தமும் வெளியே குறைந்த அழுத்தமும் இருந்தால் தகரம் வெளிப்பக்கம் இழுபடும்.

சாய்வு இதில் பெரிய பங்கு வகிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 பகுதி 3, காற்றுச் சுமைக்கான நமது விதித்தொகுப்பு. இப்போதைய பதிப்பு 2015இல் வந்தது. உயரம் அகலத்தில் பாதிக்கு மிகாத கட்டடத்தின் இருபுறச் சாய்வுக் கூரைக்கு அதன் அட்டவணை தரும் எண்களைப் பாருங்கள். முகட்டுக்குச் செங்குத்தாகக் காற்று வரும்போது, காற்று வரும் பக்கத்துச் சரிவில் வெளி அழுத்தக் கெழு (காற்றழுத்தத்தைப் பெருக்க வேண்டிய எண்) 10 டிகிரி சாய்வில் −1.2, 20 டிகிரியில் −0.4, 30 டிகிரியில் 0. கழித்தல் குறி உறிஞ்சலைக் குறிக்கிறது. செலவு மிச்சம் என்று நாம் விரும்பிப் போடும் படுத்த சாய்வுதான் காற்றுக்கு மிகவும் பிடித்தது. நாட்டு ஓட்டு வீடுகளின் செங்குத்தான சரிவு மழைநீரை வடிப்பதோடு காற்றையும் நன்றாகவே சமாளிக்கிறது. சாய்வைத் தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், வேறெதற்கும் முன்னால் இதை யோசியுங்கள்.

முதல் படி: உங்கள் ஊரின் காற்று வேகம்

விதித்தொகுப்பின் வரைபடம் நாட்டை 33, 39, 44, 47, 50, 55 மீ/வி (விநாடிக்கு இத்தனை மீட்டர்) என்று ஆறு வேகங்களாகப் பிரிக்கிறது. சென்னை 50இல் இருக்கிறது. மதுரையும் கோயம்புத்தூரும் 39இல். இது திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 3 விநாடிக்குச் சராசரி எடுத்த வேகம்; 50 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது.

இந்த ‘50 ஆண்டு’ பலரையும் ஏமாற்றும். 50 ஆண்டு கழித்துத்தான் வரும் என்று பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த வேகத்தைத் தாண்டும் வாய்ப்பு 2 சதவீதம். கட்டடத்தின் 50 ஆண்டு வாழ்நாளில் ஒருமுறையேனும் அது தாண்டப்படும் வாய்ப்பு 63 சதவீதம்.

இன்னொரு குழப்பம் தொலைக்காட்சியில் வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும் நீடித்த காற்று வேகம் 3 நிமிடச் சராசரி. நம் கணக்கில் வருவது 3 விநாடி வீச்சு. ஒரே புயலில் இரண்டாவது எண் எப்போதும் பெரியதாகவே இருக்கும். ‘போன புயலில் இத்தனை கிலோமீட்டர் என்றுதானே சொன்னார்கள், அதையே தாங்கியதே’ என்று வாடிக்கையாளர் கேட்டால், எந்தச் சராசரி என்று விளக்குங்கள். கூடவே அந்த வேகம் அவருடைய தெருவில் அடித்ததா, கரையைக் கடந்த இடத்தில் அடித்ததா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாம் படி: இடத்துக்கேற்பத் திருத்தம்

அந்த அடிப்படை வேகத்தை நான்கு எண்களால் பெருக்க வேண்டும். கே1 கட்டடத்தின் ஆயுள். சாதாரண வீட்டுக்கு 1.0. கே2 சுற்றுப்புறமும் உயரமும்: 10 மீட்டர் உயரம் வரை, தடையே இல்லாத கடற்கரையோரம் 1.05, ஆங்காங்கே மரமும் வீடும் உள்ள திறந்தவெளி 1.00, நெருக்கமான வீடுகள் உள்ள பகுதி 0.91. கே3 நிலத்தின் மேடு பள்ளம், சமதரையில் 1.0, குன்றின் உச்சியில் கூடும். கே4 புயல் பகுதிக்கானது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் மருத்துவமனை, புயல் காப்பகம் போன்றவற்றுக்கு 1.30, தொழிற்கூடங்களுக்கு 1.15, மற்றவற்றுக்கு 1.00.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். 50 மீ/வி பகுதியில் தற்காலிகக் கொட்டகைக்கு கே1 மதிப்பு 0.70தான். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் இந்த ஒரு எண்ணால் சுமை பாதியாகிவிடும். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட கொட்டகை எத்தனை ஊர்களில் இருபது ஆண்டாக நிற்கிறது! பிரித்து எடுக்கும் தேதி எழுத்தில் இல்லாவிட்டால் 1.0 என்றே கொள்ளுங்கள். அடுத்தது, மூன்றாவது மாடிக்கு மேலே போடும் கூரைக்கு உயரம் என்பது ஷெட்டின் தூண் உயரமாகாது. தரையிலிருந்து அளக்க வேண்டும்.

மூன்றாம் படி: வேகத்தை அழுத்தமாக மாற்றுவது

அழுத்தம் = 0.6 × வேகம் × வேகம். வேகம் மீ/வி அலகில் இருந்தால் விடை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். 50 மீ/விக்கு 1500 நியூட்டன், ஏறக்குறைய 153 கிலோ. மதுரையின் 39 மீ/விக்கு 913 நியூட்டன்தான். வேகம் 28 சதவீதம் கூடியதற்கு அழுத்தம் 64 சதவீதம் கூடிவிட்டது. உள்மாவட்டத்தில் நன்றாக நிற்கும் ஷெட்டின் வரைபடத்தை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டுவருவது ஏன் ஆபத்து என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

திசைக்கும் பரப்பளவுக்கும் வேறு சில குறைப்பு எண்கள் உண்டு. கடலோரப் புயல் பகுதியில் திசைக்கான குறைப்பு கிடையாது. மற்றவற்றை இந்த முதல் கணக்கில் விட்டுவிடுகிறேன். விட்டால் விடை பாதுகாப்பான பக்கமே சாயும்.

நான்காம் படி: வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதும்

ஓர் எடுத்துக்காட்டு. சென்னைப் புறநகரில் திறந்தவெளியில் 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் சுவர் உயரம், 10 டிகிரிச் சாய்வு கொண்ட சிறு ஷெட். நீளச் சுவரில் இரண்டு பெரிய ரோலிங் ஷட்டர்கள். கே எண்கள் எல்லாம் 1.0 என்று கொள்வோம்.

வெளிக் கெழு −1.2 என்று பார்த்தோம். உள்ளழுத்தக் கெழு சுவரில் உள்ள திறப்பைப் பொறுத்தது. திறப்பு 5 சதவீதத்துக்குள் என்றால் 0.2, 5 முதல் 20 வரை 0.5, அதற்கு மேல் 0.7. ஷட்டர் மூடியிருந்தால் 1.2 + 0.2 = 1.4, சதுர மீட்டருக்கு 2100 நியூட்டன், சுமார் 214 கிலோ. ஷட்டர் திறந்திருந்தாலோ காற்றில் பிய்ந்துபோனாலோ 1.2 + 0.7 = 1.9, 2850 நியூட்டன், சுமார் 290 கிலோ. தகரத்தின் 5 கிலோவை இந்த 290க்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

பல ஷெட்கள் இந்த வரிசையில்தான் அழிகின்றன: முதலில் ஷட்டரோ ஜன்னலோ உடைகிறது, பிறகே கூரை போகிறது. ஷட்டரின் வழிகாட்டித் தண்டுகளைச் சுவரில் உறுதியாகப் பிணைப்பதும் கூரையைக் காக்கும் வேலைதான். ஆனால் கணக்குப் போடும்போது ஷட்டர் தாங்கும் என்று நம்பி 0.2 எடுக்காதீர்கள். நான்கு பக்கமும் திறந்த கொட்டகைக்கும் கார் நிறுத்தும் கூரைக்கும் விதித்தொகுப்பில் தனி அட்டவணை இருக்கிறது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

ஓரங்களில் நிலைமை இன்னும் கடுமை. காற்று பிரியும் இடமே அதுதான். தட்டையான கூரையின் ஓரப் பட்டையில் கெழு −2.0 வரை போகிறது. பட்டையின் அகலம் கட்டட அகலத்தில் 0.15 மடங்கு, நம் ஷெட்டுக்கு 0.9 மீட்டர். சுவருக்கு வெளியே நீளும் இறவாணம் இருந்தால் அதன் அடியிலும் காற்று நேரடியாக மோதித் தூக்கும்.

ஐந்தாம் படி: விசையைத் தரை வரை பின்தொடர்வது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அப்லிஃப்ட் எண்ணைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. தகரத்திலிருந்து ஸ்க்ரூவுக்கு, ஸ்க்ரூவிலிருந்து பர்லினுக்கு (தகரத்தை நேரடியாகத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பர்லினிலிருந்து ட்ரஸ்ஸுக்கு, ட்ரஸ்ஸிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து அடித்தளத்துக்கு என்று அந்த இழுப்பு இறங்கிவர வேண்டும். எந்த இணைப்பு அதைத் தாங்காதோ அங்கே கூரை பிரியும்.

ஸ்க்ரூவில் தொடங்குவோம். பர்லின்கள் 1.2 மீட்டருக்கு ஒன்று, ஒவ்வொரு பர்லினிலும் 0.3 மீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ என்றால், ஒன்றின் பங்கு 0.36 சதுர மீட்டர். 2850ஆல் பெருக்கினால் 1026 நியூட்டன். நூறு கிலோவுக்கு மேல். ஸ்க்ரூ முறிவது அரிது. அதன் தலையைச் சுற்றியுள்ள தகரம் கிழிந்து, தலை வழியாகவே தகரம் கழன்று போவதுதான் வழக்கம். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 டிசம்பர் 25 அன்று தாக்கிய ட்ரேசி புயல் இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே காற்று வேகமானி மணிக்கு 217 கி.மீ. காட்டியபின் பழுதானது. அங்குள்ள தகரங்கள் பலவும் ஒரே இழுப்பில் போகவில்லை. வீச்சும் தணிவுமாக மணிக்கணக்கில் இழுபட்டு, பிணைத்த இடத்தைச் சுற்றி விரிசல் விட்டு, சோர்ந்து கிழிந்தன. அதன் பிறகே அந்நாட்டில் கூரைத் தகரங்களை மாறிமாறி இழுத்துச் சோதிக்கும் முறையும், ஸ்க்ரூ தலைக்கடியில் அகலமான புயல் வாஷர் போடும் பழக்கமும் வந்தன. கடலோரத்தில் வேலை எடுப்பவர்கள் இந்த அகல வாஷரைக் கேட்டு வாங்குங்கள். ஓரப் பட்டையிலும் முகட்டிலும் ஸ்க்ரூ இடைவெளியைப் பாதியாக்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு மடிப்பில் ஸ்க்ரூ அடிக்கும் சிக்கனம் அங்கே வேண்டாம். பழைய ஜே போல்ட் என்றால், இழுப்பு வரும்போது வளைந்த கொக்கி நிமிர்ந்துவிடக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சிமென்ட் ஷீட் வளைந்து கொடுக்காது, துளையிலிருந்தே வெடிக்கும்.

அடுத்தது பர்லினும் ட்ரஸ்ஸும். புதியவர்கள் தவறவிடும் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. எடை கீழ்நோக்கி இருக்கும்போது ட்ரஸ்ஸின் கீழ்த் தண்டு இழுவிசையில் இருக்கும். இழுபடும் தண்டு மெலிதாக இருந்தாலும் நேராக நிற்கும். அதனால் பட்டறைகளில் அதற்குச் சிறிய ஆங்கிளோ குழாயோ போதும் என்று விடுவார்கள். காற்று தூக்கும்போது எல்லாம் தலைகீழாகிறது. கீழ்த் தண்டு அமுக்கப்படுகிறது. அமுக்கப்பட்ட மெல்லிய தண்டு பக்கவாட்டில் வளைந்து நொடிக்கிறது. கீழ்த் தண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பிணைப்புகள் இதற்காகவே இருக்கின்றன. வரைபடத்தில் அவை இருந்தும், எடை எதையும் தாங்கவில்லையே என்று ஒப்பந்தக்காரர் விட்டுவிட்டால், கட்டாயம் போடச் சொல்லுங்கள். இசட், சி வடிவ மெல்லிய பர்லின்களுக்கும் இதே கதை. மேல் விளிம்பைத் தகரம் பிடித்துக்கொள்கிறது. அமுக்கம் கீழ் விளிம்புக்கு மாறும்போது அதைப் பிடிக்க ஆளில்லை. நடுவில் தொங்குகம்பி போட்டு அதைக் கட்ட வேண்டும்.

இனி தூண்கள். காற்று வரும் சரிவில் 1.9, மறுசரிவில் (அங்கே வெளிக் கெழு −0.4) 0.4 + 0.7 = 1.1, சராசரி 1.5. மொத்தப் பரப்பு 54 சதுர மீட்டர். 1.5 × 1500 × 54 என்றால் 1,21,500 நியூட்டன், சுமார் 12.4 டன். மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு நான்கு தூண்கள் என்றால், காற்று வரும் பக்கத்து நடுத்தூண் ஒவ்வொன்றையும் சுமார் 2.3 டன் மேலே இழுக்கும். மூலைத் தூண்களுக்கு இதில் பாதி.

எட்டுத் தூண்களுக்கும் வழக்கம்போல ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக் குழி வெட்டி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட் கொட்டுகிறோம் என்று வையுங்கள். அந்தக் கட்டியின் எடை சுமார் 220 கிலோ. 2.3 டன்னுக்கு இது எந்த மூலைக்கு? வடிவமைப்பு விதிப்படி காற்றை 1.5ஆலும், தடுக்கும் எடையை 0.9ஆலும் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நடுத்தூணுக்கு 3.7 டன் அளவு எடை தேவை. 1.3 மீட்டர் சதுரத்தில், ஓரடி கனக் கான்கிரீட் பாதம், அதன்மேல் 0.9 மீட்டர் இறுக்கிய மண் என்றால் ஏறக்குறைய அது கிடைக்கும். புயல் மழையோடு வருவதையும் மறக்கக்கூடாது. நிலத்தடி நீர் பாதத்துக்கு மேலே ஏறிவிட்டால் மண், கான்கிரீட் இரண்டின் பயன்படும் எடையும் மிதப்பினால் குறையும். தாழ்வான இடமென்றால் பாதத்தை இன்னும் பெரிதாக்குங்கள்.

மொட்டை மாடியில் போடுபவர்களுக்கு

சென்னையிலும் சுற்றுவட்டத்திலும் இந்த வேலைதான் இப்போது அதிகம் நடக்கிறது. அதிகம் தவறுவதும் இதில்தான்.

தூணைக் கைப்பிடிச் சுவர்மேல் நிறுத்தாதீர்கள். நாலரை அங்குலக் கனமும் மூன்றடி உயரமும் உள்ள சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 200 கிலோ. மூன்று மீட்டர் நீளச் சுவர் முழுவதையும் ஒரு தூண் தனக்கென்று எடுத்துக்கொண்டாலும் 600 கிலோதான். செங்கல் கட்டுமானத்துக்கு இழுவிசை தாங்கும் திறன் கிடையாது என்றே கொள்ள வேண்டும். சுவரோடு சேர்ந்து கூரை தெருவில் விழுந்தால் கீழே நடப்பவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு?

பேஸ் பிளேட்டை (தூணின் அடியில் வரும் இரும்புத் தகடு) தளத்தில் பிணைக்கும்போது, கண்ணுக்குத் தெரிவது தட்டு ஓடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் மூன்று நான்கு அங்குலம் இருக்கும். நான்கு அங்குல ஆங்கர் போல்ட் அடித்தால் அது முழுவதும் அந்தச் சுண்ணாம்புக்குள்ளேயே நின்றுவிடும். அதில் பிடிப்பு ஏதும் இல்லை. தூண் வரும் இடத்தில் வெதரிங் கோர்ஸை வெட்டி எடுத்து, கான்கிரீட்டைத் திறந்து பாருங்கள். கீழே கட்டடத்தின் கான்கிரீட் தூண் இருக்கும் இடத்துக்கு நேராக நம் தூணை வைத்து, அதன் கம்பிகளோடு பிணைப்பது மிகச் சிறந்தது. அது முடியாதபோது கெமிக்கல் ஆங்கர் (துளையில் ரசாயனப் பசையால் பிடிக்கும் போல்ட்) போட்டு, அதன் இழுவைத் திறனைத் தயாரிப்பாளர் அட்டவணையில் சரிபார்த்து, வெட்டிய இடத்தை நீர் புகாமல் மூடுங்கள். தளமே தூக்கப்படும் நிலை வருமா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

விலைப்பட்டியலிலும் வரைபடத்திலும் எப்படி எழுதுவது

‘காற்றைத் தாங்கும்’ என்ற உறுதிமொழிக்கு மதிப்பு கிடையாது. ‘150 கிலோ அப்லிஃப்ட்’ என்று எழுதினாலும் அரைகுறைதான். எந்தப் பரப்புக்கு? வெளி உறிஞ்சல் மட்டுமா, உள்ளழுத்தம் சேர்த்தா? கூரை எடையைக் கழித்ததா? 1.5ஆல் பெருக்கியதா, பெருக்காததா? இந்த நான்கையும் எழுதாவிட்டால் ஒருவர் கொடுத்த எண்ணை இன்னொருவர் தவறாகவே எடுத்துக்கொள்வார். பெருக்கிய சுமையைப் பெருக்காத திறனோடு ஒப்பிட்டுச் சரி என்று கையெழுத்திட்ட கணக்குகளும், பெருக்காததை இறுதிச் சுமை என்று நினைத்த கணக்குகளும் நடைமுறையில் வருகின்றன. நம் ஷெட்டுக்கு இப்படி எழுதலாம்: ‘அடிப்படை வேகம் 50 மீ/வி, கூரையின் நடுப்பகுதியில் அப்லிஃப்ட் சதுர மீட்டருக்கு 2.85 கிலோநியூட்டன், உள்ளழுத்தம் சேர்த்தது, கூரை எடை கழிக்காதது, சுமைக் காரணியால் (1.5) பெருக்காதது. ஓரப் பட்டை 0.9 மீ., தனிக் கணக்கு.’ ஒரு தூணுக்கான இழுவையையும் தனி வரியில் கொடுங்கள். அடித்தளம் போடும் மேஸ்திரிக்கு அந்த எண்தான் தேவை.

வீட்டுக்காரராக இருந்தால் வெல்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஸ்க்ரூ இடைவெளி நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு? வாஷரின் அகலம் என்ன? கீழ்த் தண்டுக்குப் பிணைப்பு உண்டா? பேஸ் பிளேட் எதில் நிற்கிறது? நல்ல வேலைக்காரர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பட்டறையில் அவரிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே கூரை போட்டாகிவிட்டது என்றால், ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே, ஒருமுறை ஏணி போட்டு ஏறுங்கள். ஓரத்து ஸ்க்ரூக்களைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றித் துருவோ, நட்சத்திரம்போல் மெல்லிய விரிசலோ தெரிந்தால் அந்தத் தகரத்தையே மாற்ற வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஸ்க்ரூ அடிப்பதால் பயனில்லை. பேஸ் பிளேட்டின் அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்த போல்ட்களையும் அப்போதே பாருங்கள். அக்டோபர் பிறந்த பிறகு ஆளும் கிடைக்காது, ஏறவும் வானம் இடம் தராது.